பத்து நாளில் சிசிலி: முழு வட்டம் வேண்டாம், பாதி வட்டம் போதும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கோயம்புத்தூரிலிருந்து நான்கு பேர்: நீங்கள், மனைவி, பதின்மூன்று வயது மகள், முட்டி வலியுள்ள அம்மா. காலாண்டு விடுமுறையை ஒட்டிச் செப்டம்பர் கடைசியில் பத்து இரவுகள். பலேர்மோவில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, த்ராப்பானி, அக்ரிஜெந்தோ, ராகூசா, சிரகூசா, எட்னா எரிமலை, தாவோர்மினா, லிப்பாரித் தீவு, செஃபலூ என்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு தங்கி, சிசிலியை முழுதாகச் சுற்றி, மறுபடி பலேர்மோவிலேயே விமானம் ஏற வேண்டும். எல்லோரும் சைவம், அம்மாவுக்கு முட்டையும் ஆகாது. இது நடக்குமா?

நடக்கும். ஆனால் வேண்டாம் என்பேன். மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு, இத்தாலியைச் சேர்ந்த சிசிலி. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். நீங்கள் போட்டிருக்கும் வட்டத்தைக் காரில் சுற்றினாலே ஆயிரம் கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதிலும் நெடுஞ்சாலை எல்லாப் பக்கமும் கிடையாது. பலேர்மோவிலிருந்து மேற்கே ஏ29, நடுவே கத்தானியாவுக்கு ஏ19, வடகரையில் ஏ20, கிழக்கே ஏ18 என்று நல்ல சாலைகள் இருக்கின்றன. தென்கரைக்கு வந்தால் கதை வேறு. அக்ரிஜெந்தோவிலிருந்து ராகூசாவுக்கு வெறும் 130 கிலோமீட்டர்தான். ஆனால் ஊர்களுக்குள்ளும் லாரிகளுக்குப் பின்னாலும் ஊர்ந்து போகும் பழைய சாலையில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். தங்குமிடத்தில் பத்து மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். தேவாலயங்களும் சிறு கடைகளும் மதியம் ஒரு மணி வாக்கில் சாத்திவிட்டு நான்கு மணி வாக்கில் திறக்கும். ஓர் ஊருக்கு ஓர் இரவு என்று போட்டால் அந்த ஊரில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மாலைப் பொழுது மட்டும். மிச்சமெல்லாம் பெட்டி கட்டுவதும் பார்க்கிங் தேடுவதும்தான். அம்மாவுக்கு அது தண்டனை, உங்கள் மகளுக்கு அலுப்பு.

ஆகவே என் யோசனை பாதி வட்டம். பலேர்மோவில் இறங்குங்கள், கத்தானியாவில் ஏறுங்கள். பலேர்மோவில் 3 இரவுகள், அக்ரிஜெந்தோவில் 2, சிரகூசாவில் 3, கத்தானியாவில் 2. நான்கே தங்குமிடங்கள். டிக்கெட் தேடும்போது போக வர ஒரே ஊர் என்று தேடாமல், பல நகரப் பயணம் என்ற பிரிவில் தேடினால் இப்படிக் கிடைக்கும். ரோம் அல்லது மிலான் வழியாகப் போகலாம், திரும்பும்போது கத்தானியாவிலிருந்து இஸ்தான்புல் வழியாகவும் வரலாம். விலையில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒரு ஊரிலிருந்து கிளம்பி அதே ஊருக்குத் திரும்புவதற்காக மட்டுமே ஓட்டும் 200 கிலோமீட்டருக்கும் மேல் மிச்சமாகும்.

இதில் த்ராப்பானி, லிப்பாரி, செஃபலூ, தாவோர்மினா ஆகியவற்றின் கதி என்ன என்று கேட்பீர்கள். செஃபலூவைப் பலேர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம், அரை நாள் போதும். தாவோர்மினா கத்தானியாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே கிரேக்க அரங்கின் படிகளிலிருந்து எட்னாவும் கடலும் ஒன்றாகத் தெரியும் காட்சி உண்மையிலேயே பெரியது. ஊரின் மற்ற பகுதி கைப்பைக் கடைகளும் கூட்டமும். இரவு தங்கச் செலவழிக்கும் பணத்துக்கு ஈடில்லை என்பது என் கருத்து. லிப்பாரியை விட்டுவிடுங்கள். மிலாத்சோ துறைமுகம் வரை போய், அங்கிருந்து அதிவேகப் படகு பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ரத்து. பத்து நாள் திட்டத்தில் அப்படி ஒரு கண்ணி வைத்தால் மொத்தமும் அறுந்துவிடும். த்ராப்பானியை விடச் சொல்வதில்தான் எனக்கு வருத்தம். அங்கே உப்பளங்களும் காற்றாலைகளும் இருக்கின்றன, கேபிள் காரில் ஏறினால் 750 மீட்டர் உயரத்தில் எரிச்சே என்ற கல் ஊர் இருக்கிறது. அடுத்த முறை மேற்குப் பகுதிக்கு மட்டும் என்று வந்தால் அதற்கே ஐந்து நாள் கொடுக்கலாம்.

இனி வழிநெடுக வருகிறேன்.

பலேர்மோ விமான நிலையத்துக்கு ஃபால்கோனே, போர்செலீனோ என்ற இரு நீதிபதிகளின் பெயர். இருவரும் மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்தியவர்கள். 1992-ஆம் ஆண்டு மே மாதம் ஒருவரும் ஜூலை மாதம் மற்றவரும் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் போனால் கபாச்சி என்ற இடத்தில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சிவப்புத் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஃபால்கோனேயும் மனைவியும் மூன்று காவலர்களும் சென்ற கார்கள் தகர்க்கப்பட்ட இடம் அது. மாஃபியா பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுற்றுலாப் பயணியை அது தொடுவதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது சந்தைகளில் பிக்பாக்கெட்டுக்கும், கார் சீட்டில் பையை விட்டுவிட்டுப் போவதற்கும்தான்.

பலேர்மோவில் கார் வேண்டவே வேண்டாம். நகரின் நடுப்பகுதியைச் சுற்றிக் கேமரா வைத்த கட்டுப்பாட்டு மண்டலம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஒரு காலைப் பொழுதை நார்மன் அரண்மனையிலுள்ள பாலட்டைன் சிற்றாலயத்துக்குக் கொடுங்கள். இரண்டாம் ரோஜர் மன்னன் 1130-களில் கட்டத் தொடங்கியது. சுவரெங்கும் பைசாந்தியக் கலைஞர்கள் தங்கப் பின்னணியில் பதித்த மொசைக், அதாவது வண்ணத் துண்டுகளை ஒட்டிய ஓவியம்; தலையை உயர்த்தினால் அரபுக் கைவினைஞர்களின் தேன்கூட்டு மர விதானம். அந்த விதானத்தில் குடிப்பவர்கள், இசைப்பவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள் எல்லாம் சின்னச் சின்னதாகத் தீட்டப்பட்டிருப்பார்கள். கீழிருந்து வெறும் கண்ணுக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். மகள் கையில் ஒரு சிறிய பைனாகுலர் கொடுத்துவிடுங்கள், அரை மணி நேரம் நகர மாட்டாள். லத்தீன் கிறித்தவர், கிரேக்கக் கிறித்தவர், முஸ்லிம் ஆகிய மூவரின் கையும் ஒரே அறையில் வேலை செய்திருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் ஐரோப்பாவில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அதே மண்டபங்களை ஒட்டிச் சிசிலியின் பிராந்தியச் சட்டமன்றம் இன்றும் கூடுகிறது.

மறுநாள் மலைமேல் இருக்கும் மொன்ரியாலே பேராலயம். உள்ளே 6,000 சதுர மீட்டருக்கும் மேல் மொசைக். சிற்றாலயத்தை முதலில் பாருங்கள், இதை இரண்டாவதாக. வரிசை மாறினால் முதலாவது சிறியதாகத் தோன்றிவிடும். தோளும் முட்டியும் மூடிய உடை அவசியம்.

உங்களுக்கு ஆர்வம் இருக்கலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. 1624-இல் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றதும் நோய் விலகியது என்பது ஊரின் நம்பிக்கை. பெல்லெக்ரீனோ மலைக் குகையில் இருக்கும் அவர் சன்னதிக்குத் தமிழர்கள், அவர்களில் இந்துக்களும் சேர்த்து, நேர்த்திக்கடனோடு ஏறிப் போகிறார்கள். பஸ் சன்னதியின் அருகிலேயே போகும், அம்மா மலையேறி நடக்க வேண்டியதில்லை. பலாரோ சந்தைப் பக்கம் அரிசி, பருப்பு, மசாலா விற்கும் கடைகள் உண்டு. சமையலறை உள்ள வீடாகத் தங்குமிடத்தைப் பிடித்தால் ஒரு ரசம் வைத்துக்கொள்ளத் தடையில்லை.

நான்காம் நாள் காலை காரை எடுங்கள், ஆனால் நகருக்குள் எடுக்காதீர்கள். ரயிலிலோ பஸ்ஸிலோ மறுபடி விமான நிலையத்துக்குப் போய் அங்கே எடுங்கள். விமான நிலையம் நகருக்கு மேற்கே, நீங்கள் போகும் திசையிலேயே இருக்கிறது. பலேர்மோவின் போக்குவரத்தை ஒரு கிலோமீட்டர்கூடத் தொடாமல் நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம்.

கார் விஷயத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் பணத்தை இங்கேதான் விடுகிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்திய உரிமத்தை மட்டும் காட்டினால் போலீஸ் நிறுத்தும்போதும் விபத்து இழப்பீட்டின்போதும் சிக்கல். ஓட்டுபவர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். கியர் மாற்றும் கார்தான் அங்கே வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். வலப்பக்கம் ஓட்டிப் பழகாத ஒருவர் இடது கை கியர் பழக்கத்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ள முயல்வதைவிட, கொஞ்சம் கூடக் கொடுத்து ஆட்டோமேட்டிக் எடுப்பதே நல்லது. மிகப் பெரிய கார் வேண்டாம், சந்துகளில் திரும்பாது. மிகச் சிறியதும் வேண்டாம், நான்கு பேரின் பெட்டி ஏறாது. விபத்துக் காப்பீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்து, அதைப் பூஜ்யமாக்கும் கூடுதல் காப்பீட்டை எடுங்கள். காரை வாங்கும்போது சக்கர விளிம்பு உட்பட நான்கு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்தக் கேமரா மண்டலம். இத்தாலியில் இதை செட்-டி-எல் என்பார்கள். பழைய நகரப் பகுதிகளுக்குள் உள்ளூர் அனுமதி பெற்ற வண்டி மட்டுமே போகலாம். வாசலில் தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ்காரர் இருக்க மாட்டார், கேமரா மட்டும் நம்பரைப் படம் எடுக்கும். நுழைவில் மின்பலகையில் 'வார்க்கோ அத்திவோ' என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று பொருள். வழி திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். 'நோன் அத்திவோ' என்றால்தான் போகலாம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம். முதலில் வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக ஒரு கட்டணத்தைக் கார்டிலிருந்து எடுக்கும். உண்மையான அபராதம் பல மாதம் கழித்து, சில சமயம் ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, பதிவுத் தபாலில் வீடு வந்து சேரும். கூகுள் மேப்பை நம்பி இந்த மண்டலங்களுக்குள் போகாதீர்கள். தங்குமிடத்தாரிடம் எங்கே காரை விட வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கேட்டுவிடுங்கள். பார்க்கிங்கில் நீலக்கோடு என்றால் கட்டணம், வெள்ளை இலவசம், மஞ்சள் உங்களுக்கு இல்லை. பெட்ரோல் பங்கில் நீங்களே நிரப்பிக்கொள்ளும் வரிசைக்கும் ஆள் நிரப்பித் தரும் வரிசைக்கும் விலை வேறு. லிட்டருக்கு நன்றாகவே உறைக்கும்.

விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செஜெஸ்தா. கோதுமை வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும், டோரிக் என்ற எளிய கிரேக்கப் பாணிக் கோயில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டது. வேலை முடியவில்லை என்பதை அருகே போனால் கண்ணாலேயே பார்க்கலாம்: தூண்களில் வழக்கமான நெடுங்கோட்டுப் பள்ளங்கள் செதுக்கப்படவில்லை, அடிப்படிக் கற்களில் கைப்பிடிபோல் துருத்திக்கொண்டிருக்கும் முண்டுகள் அப்படியே இருக்கின்றன. கல்லைக் கயிறு கட்டித் தூக்குவதற்காக விட்டவை அவை. வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்திருக்க வேண்டும். கட்டட வேலை பாதியில் நின்ற நாளின் தடயம் 2,400 ஆண்டாக அங்கேயே இருக்கிறது. மலைமேல் உள்ள அரங்குக்குச் சிற்றுந்து விடுகிறார்கள். இதே நாளில் செலினுந்தேயையும் சேர்க்கத் தோன்றும், வழியிலேயே இருப்பதால். அம்மாவோடு ஒரு நாளுக்கு ஓர் இடிபாடு போதும்.

அக்ரிஜெந்தோவில் கோயில்களின் பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர அது ஒரு நீண்ட மேடு. கார் நிறுத்த இரண்டு முனைகள் உண்டு. கிழக்கு முனையான ஜூனோ கோயில் வாசலில் தொடங்குங்கள். அது உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து மேற்கே நடந்தால் சரிவு உங்கள் பக்கம். கீழ் முனைக்கு வந்த பிறகு காரை எடுக்க டாக்சியில் மேலே போகலாம். மதிய வெயிலில் போகாதீர்கள். நான்கு மணிக்கு மேல் நுழைந்து, பொழுது சாயும்வரை இருங்கள். நடுவில் இருக்கும் கொன்கோர்தியா கோயில் முழுசாக நிற்பதற்குக் காரணம் பக்தி மாறியதுதான். ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள். அதனால் கல் திருட்டுப் போகவில்லை. தேவாலயமாக மாறாத பக்கத்து ஜீயஸ் கோயில் இன்று கற்குவியல். அங்கே கூரையைத் தாங்குவதுபோல் நின்ற கல் மனிதர்களில் ஒருவரை அண்மையில் துண்டு துண்டாகச் சேர்த்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள், ஏறத்தாழ 8 மீட்டர் உயரம்.

அக்ரிஜெந்தோவிலிருந்து சிரகூசாவுக்குத் தென்கரைச் சாலை வழியாகப் போகாமல் உள்நாட்டு வழியே போகச் சொல்வேன், ஒரே காரணத்துக்காக: பியாத்சா அர்மெரினா அருகே காசாலே ரோமானிய மாளிகை. நான்காம் நூற்றாண்டுப் பணக்காரர் ஒருவரின் வீடு; பின்னாளில் சேறு சரிந்து மூடியதால் தரை மொசைக்குகள் பிழைத்தன, சுமார் 3,500 சதுர மீட்டர். இப்போது மேலே நடைபாலம் போட்டு, அதிலிருந்து குனிந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பெரிய வேட்டை என்று அழைக்கப்படும் 60 மீட்டருக்கு மேல் நீண்ட தாழ்வாரத்தில், ரோம் நகரின் விளையாட்டரங்குக்காக விலங்குகளைப் பிடித்துக் கப்பலேற்றும் காட்சி: தீக்கோழி, காண்டாமிருகம், யானை. அதன் தென்கோடியில், யானைக்கும் புலிக்கும் நடுவே, தந்தம் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு கரிய நிறப் பெண் உட்கார்ந்திருப்பாள். அது இந்தியாவின் உருவகம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆப்பிரிக்கா என்போரும் உண்டு. புலி இருப்பதால் எனக்கு முதல் கட்சியே சரியென்று படுகிறது. சுற்றுலாக் குழுக்கள் எல்லாம் நீச்சலுடைபோல் அணிந்து விளையாடும் பெண்களின் அறையில் குவிந்து நிற்கும். நீங்கள் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நிதானமாக நில்லுங்கள். இங்கே இரண்டு மணி நேரம், இரு பக்கப் பயணமும் சேர்த்து மூன்றரை மணி நேரம். மாலை இருட்டுவதற்குள் சிரகூசா போய்விடலாம்.

சிரகூசாவில் தங்குவதென்றால் ஒர்த்தீஜியா. பழைய நகரம் முழுவதும் அந்தச் சிறு தீவில்தான். பாலத்தில் நடந்து போகலாம். கேமரா மண்டலம் இங்கேயும் உண்டு, ஆகவே காரைத் தீவின் விளிம்பிலுள்ள தலேத்தே நிறுத்தத்தில் விட்டுவிடுங்கள். நான் முழுப் பயணத்தில் ஒரே ஒரு கட்டடம்தான் காட்டலாம் என்றால் இங்குள்ள பேராலயத்தைத்தான் காட்டுவேன். முகப்பு பதினெட்டாம் நூற்றாண்டு பரோக். அதைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். பக்கவாட்டில் மினர்வா தெருவுக்குத் திரும்புங்கள்: தேவாலயச் சுவரில் கிரேக்க டோரிக் தூண்கள் வரிசையாகப் புதைந்து நிற்கும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் அதீனா கோயில் அது. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிவிட்டு அதையே ஆலயமாக்கிக்கொண்டார்கள். உள்ளே போனால் அதே தூண்கள் மறுபக்கமும் தெரியும், சில நிலநடுக்கத்தில் சாய்ந்தபடி. தூணைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை.

தீவுக்கு வெளியே, பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் கிரேக்க அரங்கும், டயோனிசியஸின் காது என்ற 23 மீட்டர் உயரக் கற்சுரங்கக் குகையும் இருக்கின்றன. மகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள், குரல் பெருகி வரும். கி.மு. 212-இல் ரோமானியர் இந்த நகரைப் பிடித்தபோதுதான் ஆர்க்கிமிடீஸ் கொல்லப்பட்டார். இயற்பியல் பாடத்தில் அவரைப் படித்திருப்பாள்.

சிரகூசாவிலிருந்து ஒரு நாள் நோத்தோவும் மோதிகாவும். 1693-ஆம் ஆண்டு நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலியைத் தரைமட்டமாக்கிய பிறகு, மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் புதிதாக எழுப்பிய ஊர்கள் இவை. நோத்தோவின் பெரிய தெரு சமதளம், அம்மாவுக்கு ஏற்றது. மாலை வெயிலில் போனால் கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம், ஆகவே மோதிகாவை முதலில் முடியுங்கள். ராகூசாவும் அழகுதான், ஆனால் படிகள், படிகள், மேலும் படிகள். முட்டி வலியை நினைத்து விட்டுவிடச் சொல்கிறேன். மூன்றாம் நாளை வெறுமையாக வையுங்கள். செப்டம்பர் கடைசியில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

சைவச் சாப்பாடு சிசிலியில் சுலபம், ஆனால் பொறி இருக்கும் இடங்கள் வேறு. கத்தரிக்காய், தக்காளி, உப்பிட்ட ரிகோத்தா சீஸ் போட்ட பாஸ்தா அல்லா நோர்மா எங்கும் கிடைக்கும். காய்ந்த பாஸ்தாவில் கோதுமையும் தண்ணீரும்தான், முட்டை இல்லை. வீட்டில் செய்தது என்று பெருமையோடு சொல்லும் பாஸ்தாவில் முட்டை இருக்கலாம், கேட்டுவிடுங்கள். பலேர்மோ சந்தையில் பனெல்லே தேடுங்கள். கடலை மாவைத் தண்ணீரில் கிண்டி, கெட்டியானதும் மெல்லிய வில்லைகளாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் ஐந்தாறு அடுக்கி, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுப்பார்கள். நம் ஊர் பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். எந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காலை உணவுக்குக் கிரனீத்தா: பாதாம், எலுமிச்சை, பிஸ்தா. பாதாமிலும் எலுமிச்சையிலும் பெரும்பாலும் பால்கூட இருக்காது. அதோடு வரும் பன்னில் முட்டை உண்டு, அதை அம்மா தவிர்க்க வேண்டும்.

பொறிகள் இவை. வெண்ணெய் அரஞ்சீனா என்று எழுதியிருக்கும் சோற்று உருண்டைக்குள் பன்றி இறைச்சி இருக்கும். ஸ்ஃபின்சோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்திலி மீன். கன்னோலி இனிப்பின் மொறுமொறு ஓட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை, இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மோதிகாவின் சாக்லெட் பிரபலம். சூடு குறைவாக அரைப்பதால் சர்க்கரை கரையாமல் நறநறவென்று இருக்கும், அதை வாங்குங்கள். ஆனால் அதே கடையில் பிறைவடிவப் பிஸ்கெட் ஒன்று இருக்கும், ம்பனாத்திகி என்று பெயர்; சாக்லெட்டோடு அரைத்த மாட்டிறைச்சி உள்ளே இருக்கும். பார்த்தால் தெரியாது. ஓட்டலில் இறைச்சி வேண்டாம் என்பதற்கு 'சென்ட்சா கார்னே' என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் வேண்டாம் என்பதற்கு 'சென்ட்சா பெஷ்ஷே', முட்டைக்கு 'சென்ட்சா உவோவா', ஹாமுக்கு 'சென்ட்சா ப்ரொஷூத்தோ' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன் கிடைப்பது அரிது. பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கொபெர்த்தோ' என்று சேர்த்திருப்பார்கள், அது ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம்.

ஒன்பதாம் நாள் காலை சிரகூசாவிலிருந்து நேராகக் கத்தானியா விமான நிலையம் போய்க் காரைக் கொடுத்துவிட்டு, டாக்சியில் ஊருக்குள் போங்கள். கடைசி இரண்டு இரவுகளும் எட்னாவுக்காகத்தான். மலை 3,300 மீட்டருக்கும் மேல் உயரம். ஐரோப்பாவில் மிகச் சுறுசுறுப்பான எரிமலைகளில் ஒன்று, உயரம்கூட வெடிப்புக்கு வெடிப்பு மாறும். 2025 ஜூன் 2-ஆம் தேதி உச்சிப் பள்ளத்தின் ஒரு பகுதி சரிந்து சாம்பல் மேகம் உருண்டு வந்தபோது மலையில் இருந்த பயணிகள் ஓடி இறங்கினார்கள். உச்சிப் பகுதிக்கு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. அன்றன்று எதுவரை அனுமதி என்பதை அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். ஆகவே எட்னாவுக்கு ஒரே ஒரு நாளைக் குறித்து முன்பணம் முழுதும் கட்டிவிடாதீர்கள். சேர்ந்த அன்று பிற்பகலோ மறுநாளோ, எந்தப் பொழுது மேகம் விலகுகிறதோ அப்போது போங்கள். மற்றப் பொழுது தாவோர்மினாவுக்கு.

ரிஃபுஜியோ சபியென்சா என்ற இடம்வரை, 1,900 மீட்டர், சாலை உண்டு. கத்தானியாவிலிருந்து அங்கே காலையில் ஒரே ஒரு பொதுப் பஸ் போகிறது, மாலையில் அதுவே திரும்பும். நான்கு பேர் என்பதால் ஓட்டுநரோடு ஒரு வண்டி பேசிக்கொள்வது அம்மாவுக்கு வசதி. அங்கிருந்து கேபிள் காரில் 2,500 மீட்டர். கீழே நகரில் வியர்க்கும்போது மேலே காற்று பல்லைக் கிட்ட வைக்கும். கம்பளி எடுத்துப் போங்கள், இல்லையேல் அங்கேயே ஜாக்கெட்டும் பூட்சும் வாடகைக்குத் தருகிறார்கள். அம்மாவுக்கு இதயமோ மூச்சோ தொந்தரவு இருந்தால் கேபிள் காரை விட்டுவிடலாம். 1892-இல் வெடித்துத் தணிந்த சில்வெஸ்திரி பள்ளம் கார் நிறுத்தத்தை ஒட்டியே இருக்கிறது, கறுப்பும் சிவப்புமான எரிமலை மண்ணை அங்கேயே மிதித்துப் பார்க்கலாம்.

மாதத்தைப் பற்றி இரண்டாவதாகக் கேட்டிருந்தீர்கள், கோடை விடுமுறைக்குத் தள்ளலாமா என்று. மே மாதம் சரி. ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சிரகூசா அருகே 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது, ஐரோப்பாவின் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட அளவு அது. போதாக்குறைக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலி முழுவதும் கடற்கரைக்கு வந்துவிடும். செப்டம்பர் கடைசியில் ஓரிரு இடிமழை வரலாம், அவ்வளவுதான்.

வரிசை முக்கியம்: முதலில் ஷெங்கன் விசா சந்திப்பு நேரம் கிடைக்குமா என்று பாருங்கள், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடங்களை ரத்து செய்யக்கூடியதாகப் பதிவு செய்யுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு விசாவுக்கே கட்டாயம். எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் விமானம் ரத்தானால் தங்கும் செலவு தருமா என்று அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். எட்னா சாம்பல் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தைச் சில மணி நேரமோ ஒரு நாளோ மூடுவது வழக்கம். அதனால்தான் திரும்பும் டிக்கெட் கத்தானியாவிலிருந்து கோயம்புத்தூர்வரை ஒரே பதிவாக இருக்க வேண்டும். ரோம்வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று மலிவாக இரண்டாகப் பிரித்து வாங்கினால், முதல் விமானம் நின்றுபோகும்போது இரண்டாவது டிக்கெட்டின் நஷ்டம் முழுதும் உங்களுடையது. ஒரே பதிவாக இருந்தால் மாற்று விமானத்தில் ஊர் சேர்க்க வேண்டிய பொறுப்பு விமான நிறுவனத்துடையது.